கேட் எந்தப் பக்கம்? குன்மிங்கில் ஆறு நாள்

நாள் 1: செங்கோங், இரவு பதினொன்றரை

ஹோட்டலின் பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிகிறது. மொட்டைமாடிக்கு மேலே சிவப்பு எழுத்து. மெட்ரோ படியேறி வெளியே வந்த இடத்திலிருந்து நேராகக் கோடு போட்டால் 400 மீட்டர்கூட வராது. அறைக்குள் வந்து விழுந்த பிறகு போனில் பார்த்தால் நடந்தது 1.6 கிலோமீட்டர். வழி தவறவில்லை, வழியே அதுதான்.

எப்படி இங்கே வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் லாவோஸ் தலைநகர் வியந்தியனில் ரயில் ஏறினேன். லாவோஸ்–சீனா பாதை 2021 டிசம்பரில் திறந்தது, எல்லை தாண்டி நேராகத் தென்மேற்குச் சீனாவின் குன்மிங் வரை ஓடும் பயணிகள் ரயில் 2023 ஏப்ரலில் வந்தது. எல்லையில் இரண்டு முறை, லாவோஸ் பக்கம் போத்தெனில் ஒன்று, சீனப் பக்கம் மோஹானில் ஒன்று, மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும். மற்றபடி சுகமான பயணம், பாதி நேரம் சுரங்கத்துக்குள். கடைசி நிறுத்தம் குன்மிங் தெற்கு. பெயரில்தான் குன்மிங், பழைய ஊர் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். நிலையம் இருப்பது செங்கோங்கில், 2003இல் ‘புதிய குன்மிங்’ என்று திட்டம் போட்டுத் தியென்ச்சி ஏரியின் கிழக்குக் கரையில் எழுப்பத் தொடங்கிய புறநகர். அதற்கு முன்பு காய்கறிக்கும் பேரிக்காய்க்கும் பெயர் போன ஊராம்.

என் பிழைப்பு வரைபடம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கெங்கோ உள்ள ஊர்களின் தெருக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். ஒரு மயிரிழை விலகினாலும் வழிகாட்டும் செயலி அதை முட்டுச்சந்து என்று நினைத்து ஆளைச் சுற்றி அனுப்பிவிடும். ஒரு ஊரில் எத்தனை சந்திப்பு, ஒவ்வொன்றிலும் எத்தனை தெரு கூடுகிறது, முட்டுச்சந்து எத்தனை, நேர்க்கோட்டில் நூறு மீட்டரைக் கடக்க நிஜத்தில் எவ்வளவு நடக்க வேண்டும், இந்த நாலைந்து எண்ணை வைத்து அந்த ஊர் பின்னலாக வளர்கிறதா, அவிழ்ந்து பரவுகிறதா என்று எங்கள் தொழிலில் சொல்லிவிடுவோம். சீன ஊர்களில் இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் இடித்துக்கொண்டே இருந்தது. படத்தில் பார்த்தால் கட்டங்கட்டமாக அழகாக இருக்கும், எண்களும் தேவலை என்று வரும், ஆனால் அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் நடக்கவே முடியவில்லை என்பார்கள். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று வந்தேன். குன்மிங் வருகிற சுற்றுலாக்காரர்கள் ஓடும் கல்வனம் பார்க்கப் போவதில்லை, திட்டாதீர்கள்.

அந்த 1.6 கிலோமீட்டருக்கு வருகிறேன். மெட்ரோ வாசலில் எட்டு வழிச் சாலை, நடுவில் இடுப்புயர வேலி, எனவே சந்திப்பு வரை போய்த்தான் தாண்டணும். தாண்டினால் மதில். மதில் என்றால் ஜெயில் மதில் இல்லை, கம்பி வேலியும் செடிகளும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முடிவதாக இல்லை. ஒரு கேட் வந்தது. உள்ளே நேராக விளக்குப் போட்ட பாதை, அதன் கோடியில் என் ஹோட்டல். கேட்டில் முகம் பார்க்கும் கருவி, பக்கத்தில் நீளப் பச்சைக் கோட்டு போட்ட வாட்ச்மேன். போனை நீட்டி, உள்ளே போய் மறுபக்கம் வெளியேறலாமா என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்புச் செயலி அதை இப்படித் தமிழாக்கியது: “கதவுக்கு உங்களைத் தெரியாது.”

சுற்றிப் போனேன்.

நாள் 2: செங்கோங், பகல்

காலையில் அந்த மதிலை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வேலையற்ற வேலைதான். ஒரு பக்கம் ஏறக்குறைய 480 மீட்டர், இன்னொரு பக்கம் 400க்கு மேல். நான்கு கேட் இருக்கிறது, திறந்திருப்பது இரண்டு. ஒன்றில் சங்கிலி, இன்னொன்றில் கார் மட்டும். கொரோனா சமயத்தில் எல்லாரையும் ஒரே வாசலில் சோதிக்க வேண்டும் என்று மற்றதைப் பூட்டினார்களாம், அப்புறம் திறக்கவில்லை. இதைச் சொன்னது கேட்டுக்குப் பக்கத்தில் சோள ரொட்டி விற்ற அக்கா. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. திறந்த கேட்டில்தானே அவர் கடை.

இப்படி மதில் போட்ட குடியிருப்பை இங்கே ‘சியாவ்ச்சு’ என்கிறார்கள். உள்ளே இருபது இருபத்தைந்து கட்டடம், ஒவ்வொன்றும் முப்பது மாடிக்கு மேல், நடுவில் தோட்டம், கிழவர்கள் உடற்பயிற்சி செய்ய இரும்புச் சாமான்கள், குழந்தைகள் ஓட இடம். உள்ளே பாதைகளும் ஏராளம். அதாவது தெருப்பின்னல் இல்லாமல் இல்லை. ஆனால் அது அவர்களுடையது.

இங்கேதான் எங்கள் தொழிலின் குட்டு உடைகிறது. படம் வரைகிறவர் வானத்திலிருந்து பார்த்து உள்ளே இருக்கிற பாதையையும் கோடாகப் போட்டுவிடுகிறார், அந்தக் கோடு வெளிச்சாலையைத் தொடுகிறது, கணினி அதை முச்சந்தி என்று எண்ணிக்கொள்கிறது. கேட் பூட்டியிருக்கிறதா, யாருக்குத் திறக்கும் என்பது கோட்டில் தெரியாது. உள்பாதைகளை எண்ணினால் செங்கோங் தேவலை. விட்டுவிட்டு எண்ணினால் பாலைவனம்.

ஒரு சின்னக் கணக்கு. தெருக்கள் 500 மீட்டருக்கு ஒன்று என்று கட்டமாகப் போட்டால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாலே நாலு நாற்சந்தி, 4 கிலோமீட்டர் தெரு. அதையே 100 மீட்டருக்கு ஒன்று போட்டால் நூறு நாற்சந்தி, 20 கிலோமீட்டர் தெரு. நடக்கிறவனுக்கு நாற்சந்தி என்றால் நேரே போகவா, இடமா, வலமா என்று ஒரு தேர்வு. நூறு தேர்வு எங்கே, நாலு எங்கே. தெரு குறைவாக இருக்கும்போது எல்லா வண்டியும் அந்த ஒன்றிரண்டு பெரிய சாலையில்தான் வந்து விழும், அதற்காகச் சாலையை அகலமாக்குவார்கள், அகலமானதும் நடந்து தாண்ட முடியாது, பக்கத்துக் கடைக்கும் வண்டி எடுப்பார்கள். நான் தங்கியிருக்கிற இடத்துக்கு எதிரே உள்ள சந்திப்பை எட்டு வைத்து அளந்தேன், ஓரத்துப் பச்சைப் பட்டை, ஸ்கூட்டர் வழி எல்லாம் சேர்த்து எழுபது மீட்டர் போல வந்தது. பேரனை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பாட்டி, பாதியில் சிவப்பு விழுந்து, நடுத்திட்டில் நின்றுகொண்டார். அவசரமே படவில்லை. பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த பச்சைக்குள் பையன் பாதிப் பழத்தைத் தின்றுவிட்டான். தினமும் நடப்பதுதான் போல.

இப்படி ஏன் கட்டினார்கள் என்றால், வேர் கொஞ்சம் ஆழம். 1950களில் சோவியத் பாணி ‘மைக்ரோராயோன்’ வந்தது, பெரிய கட்டம், உள்ளேயே பள்ளி, கடை. கூடவே ‘தான்வெய்’, அதாவது ஆலையோ அலுவலகமோ தன் ஆட்களுக்கு மதிலுக்குள்ளேயே வீடு, சாப்பாட்டுக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அது ஓய்ந்து தனியார் கட்டடக்காரர்கள் வந்தபோது மதில் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 1994இல் வரிப் பங்கீடு மாறியபின் உள்ளூர் அரசுகளுக்கு நிலம்தான் கறவை மாடு. பெரிய பெரிய துண்டாக ஏலம் விட்டால் வேலை சுலபம், சுற்றி நாலு பெரிய சாலை போட்டுக் கொடுத்தால் போதும், உள்ளே பாதை போடுகிற செலவு வாங்கினவர் தலையில். வாங்கினவர் அந்தச் செலவை வீட்டுக்காரர்களிடம் வாங்கிக்கொள்வார். ஆக உள்பாதைக்குக் காசு கொடுத்தவர் வீட்டுக்காரர், 2007 சொத்துச் சட்டமும் அது அவர்கள் கூட்டுச் சொத்து என்றது, 2021இல் அதன் இடத்துக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. நான் யார் நடுராத்திரியில் அதன் வழியே பெட்டியை உருட்டிக்கொண்டு போக?

மதிலின் வடகிழக்கு மூலையில் ஒரு விஷயம் பார்த்தேன். வேலியில் ஒரு கம்பியை யாரோ நெம்பி வளைத்திருக்கிறார்கள். வெளியே மெட்ரோ, உள்ளே புல்வெளி, புல்லில் ஒற்றையடிப் பாதை பளபளவென்று மண் தெரிய விழுந்திருக்கிறது. பத்து நிமிஷம் நின்றேன், பதினேழு பேர் போனார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் லேப்டாப் பையை முதலில் நீட்டி வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து நுழைந்தார். வயிறு உரசிய இடத்தில் கம்பியின் பெயிண்டே தேய்ந்துபோயிருக்கிறது.

நாள் 3: பழைய ஊர்

நேற்று எழுத மறந்தது: போனில் நான் பதிவு செய்யும் நடைத் தடம் இந்த ஊர் படத்தில் பொருந்தவே இல்லை, சில நூறு மீட்டர் தள்ளித் தள்ளி விழுகிறது. தெரிந்த கதைதான். சீனாவில் பொதுமக்களுக்கான படங்களை வேண்டுமென்றே கோணலாக நகர்த்திய ஆயத்தொலைவில்தான் வெளியிட வேண்டும், அதற்குச் ‘செவ்வாய்க் கிரக ஆயத்தொலைவு’ என்று அங்கேயே கேலிப்பெயர். தெரிந்திருந்தும் நான் கட்டடங்களுக்குள் நடந்திருப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. என்னைத் தெரியாத கதவுகளையெல்லாம் படத்திலாவது தாண்டிவிட்டேன்.

இன்று மெட்ரோ பிடித்துச் சுய்ஹு ஏரிப் பக்கம் போனேன். சைபீரியாவிலிருந்து கடற்பறவைகள் வந்துவிட்டன, 1985 குளிர்காலத்திலிருந்து வருஷா வருஷம் வருகின்றன, கரை முழுக்க ரொட்டி வீசும் கூட்டம். ஏரிக்கு மேலே 1922இல் தொடங்கிய யுன்னான் பல்கலைக்கழகம், அதையொட்டி வென்லின் தெரு. இங்கே தெரு கோணல்மாணல். ஒன்று ஏறும், ஒன்று சட்டென்று படிக்கட்டாகிவிடும். சந்துக்குள் போனால் இன்னொரு சந்து. முட்டுச்சந்து மாதிரி இருக்கும், கிட்டப் போனால் மூலையில் ஆள் நுழையும் அளவு இடைவெளி, அதிலும் சாவி செய்கிறவர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிஷ நடையில் பத்தொன்பது இடத்தில் திரும்ப வாய்ப்பு இருந்தது. செங்கோங்கில் நேற்று அதே பத்து நிமிஷத்தில் இரண்டு.

இந்தப் பகுதியிலும் மதில் உண்டு, மறைக்கவில்லை. பழைய தான்வெய் குடியிருப்புகள், ஆறு ஏழு மாடி, ஜன்னலுக்கெல்லாம் கம்பிக்கூண்டு. ஆனால் அவை சின்னச் சின்னதாக இருப்பதால் சுற்றுவது உறைக்கவில்லை. மதிலின் வெளிமுகத்திலேயே வரிசையாகக் கடைகள் முளைத்திருக்கின்றன. அப்படி ஒரு கடையில்தான் சின்னச் செப்புச் சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் அரிசிச் சேமியா சாப்பிட்டேன், 12 யுவான். இடியாப்பத்தை ரசத்தில் போட்டதுபோல் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். “அங்க போயும் இடியாப்பமா?” என்றாள்.

அப்புறம் வடக்கு நிலையத்தின் ரயில் மியூசியம். பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமின் ஹைஃபோங்கிலிருந்து குன்மிங் வரை போட்ட பாதை, 1910இல் முடிந்தது, நம்ம ஊரில் முன்பு ஓடிய அதே மீட்டர் கேஜ். தண்டவாளத்துக்கு நடுவே நின்று காலை அகட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். வேறு காரணம் இல்லை, விழுப்புரம் ஞாபகம்.

நாள் 4: தோவ்நான்

கால் வலி. பகலெல்லாம் அறையிலேயே இருந்தேன். சாயங்காலம் மெட்ரோவில் தோவ்நான்.

உங்களில் பூ வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆசியாவிலேயே பெரிய வெட்டுப்பூச் சந்தை இது. 1980களில் விவசாயிகள் கிளாடியோலஸ் போட்டுப் பார்த்து ஆரம்பித்த கிராமம். 2002இலிருந்து டச்சு முறை ஏலம் வேறு நடக்கிறது, விலை மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பூ. ஏலத்தை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ராத்திரிச் சந்தை. எட்டு மணிக்கு மேல் சூடு பிடிக்கிறது. ரோஜாவைக் கட்டுக்கட்டாகத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள், சில வகைகளைக் கோயம்பேடு மாதிரியே எடை போட்டுக் கிலோ கணக்கில் கொடுக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது பூவைப் பற்றி இல்லை. செங்கோங்கின் அந்த அகலச் சாலைகளிலிருந்து ரொம்பத் தூரமில்லை இது. சந்தைக் கட்டடத்தைச் சுற்றி ஊர் இன்னும் ஊராகவே இருக்கிறது. தெரு ஆறேழு மீட்டர் அகலம், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறக்கிறது. ஒரு மூலையில் அட்டைப்பெட்டி மட்டும் விற்கிறார்கள், அடுத்த மூலையில் ஐஸ் கட்டி, அதற்கடுத்து டேப்பும் ரப்பர் பேண்டும், அதற்கும் அடுத்து பார்சல் ஏற்றுகிற வண்டி. ஒரு மூன்று சக்கர மின்வண்டிக்காரரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தேன். சந்தை வாசலில் பூவை ஏற்றினார், பெட்டிக் கடையில் பிரேக் போடாமலே அட்டைகளை வாங்கினார், எதிரே லாரி வந்து தெரு அடைத்துக்கொண்டது, திட்டவுமில்லை ஹாரன் அடிக்கவுமில்லை, பக்கத்துச் சந்தில் வளைத்து அடுத்த தெருவில் முளைத்தார். எல்லாம் நாலு நிமிஷம். இதே வியாபாரத்தை 500 மீட்டர் கட்டத்தில் வைத்தால் ஒரு லாரி நின்றால் போதும், எல்லாம் நிற்கும். ரோஜா காத்திருக்காது.

நான் எதுவும் வாங்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு பெண் இருபது ரோஜாவைக் கையில் திணித்துப் பத்து யுவான் என்று விரலால் காட்டினார் (இங்கே பத்துக்கு இரண்டு விரலைக் குறுக்கே வைக்கிறார்கள், நான் அதை ‘இல்லை’ என்று நினைத்துக்கொண்டு முழித்தேன்). இப்போது ஹோட்டல் வாஷ்பேசினில் மிதக்கிறது.

நாள் 5: ஊருக்குள் ஊர்

வாடகைக் காரில் ஏறினேன். ஓட்டுநருக்கு ஐம்பது வயசு இருக்கும். சும்மா தெருக்களைப் பார்க்கிறேன் என்றதும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். “என்ன தெரு வேணும், அகலமா, குறுகலா?” என்று செயலி சொன்னது. குறுகல் என்றேன். “அதெல்லாம் இடிச்சாச்சு. ஒண்ணு காட்டறேன்.”

இரண்டாம் வளையச் சாலையின் மேம்பாலத்தில் ஏறி வடக்கே போனோம். ஊர் வளர்ந்த வேகத்துக்கு ஒரு எண்: குன்மிங் மாநகரின் மக்கள் தொகை 2010 கணக்கெடுப்பில் 64 லட்சம், 2020இல் 84.6 லட்சம். பத்து வருஷத்தில் இருபது லட்சம் பேர். வளரும்போது வழியில் இருந்த கிராமங்களை ஊர் விழுங்கிவிடும், வயல் போய்விடும், வீடுகள் மட்டும் மிஞ்சும், விவசாயிகள் வீட்டின் மேல் மாடி மேல் மாடியாகக் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். ‘ஊருக்குள் கிராமம்’ என்றே அதற்குப் பெயர். குன்மிங்கில் இப்படி 336 கிராமங்களைக் கணக்கெடுத்து, எல்லாவற்றையும் இடித்துக் கட்டப்போவதாக 2008இல் அறிவித்தார் அப்போதைய கட்சிச் செயலாளர் சியு ஹெ. இடிப்பது சுலபம், கட்டுவதற்குப் பணம் வேண்டுமே. பல இடங்களில் எலும்புக்கூடுதான் நின்றது. 2021 ஆகஸ்டில் பாதியில் நின்றுபோயிருந்த 15 அடுக்குமாடிகளை வெடி வைத்து ஒரு நிமிஷத்துக்குள் தரைமட்டமாக்கினார்களே, அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அது இந்த ஊர்தான். சியு ஹெ அதற்கு முன்பே லஞ்ச வழக்கில் சிக்கி 2016இல் பதினாலரை வருஷம் தண்டனை பெற்றார்.

ஓட்டுநர் காட்டிய இடத்தின் பெயரை எழுதவில்லை, அங்கே குடியிருப்பவர்களில் பலரிடம் முறையான ஒப்பந்தம் இருக்குமா தெரியாது. கார் நுழையாது, நடந்தோம். ‘கைகுலுக்கும் கட்டடங்கள்’ என்பார்கள், ஜன்னல் வழியே கையை நீட்டினால் எதிர்வீட்டுக்காரரோடு கைகுலுக்கலாம். உண்மைதான், இரண்டு இடத்தில் என் தோள் இரு சுவரையும் தொட்டது. இணைப்பு என்று பார்த்தால் நான் பார்த்ததிலேயே உச்சம் இதுதான். இருபது முப்பது அடிக்கு ஒரு சந்திப்பு. எண் மட்டும் பார்க்கிறவர் இதற்கு நூற்றுக்கு நூறு போடுவார். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே டியூப்லைட் எரிகிறது. தலைக்கு மேலே வயர் மூட்டை. தீப்பிடித்தால் வண்டி வராது. வென்லின் தெருவில் நின்றபோது பழசு என்றாலே அழகு என்று எழுதத் துடித்த கை, இங்கே வந்ததும் அடங்கிவிட்டது.

ஓட்டுநர் இப்படி ஒரு கிராமத்தில் பிறந்தவராம். அவர் வீட்டை 2010இல் இடித்தார்கள், பதிலுக்கு இரண்டு ஃபிளாட், இப்போது சியாவ்ச்சுவில் 19ஆவது மாடி. எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது பழைய வீட்டைப் பற்றி ஒரு பெருமூச்சு. அவர் யோசிக்கவே இல்லை. “புதுசு. என் பேத்தி கீழ போய்த் தனியா விளையாடறா, ஒரு கார் வராது. அங்க எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்.” கொஞ்ச தூரம் ஓட்டியபின் அவராகவே இன்னொன்று சொன்னார்: “ஆனா அங்க பால்ய சிநேகிதன் வீட்டுக்கு நாலு எட்டு. இப்ப அவனும் அதே சியாவ்ச்சுலதான், தெற்கு வாசல். நான் வடக்கு. ரெண்டு மாசம் ஆச்சு பார்த்து.”

மதிலைப் பற்றி நான் இதுவரை எழுதியதில் இதை விட்டிருந்தேன். மதிலுக்குள் காரில்லாத தரை கிடைக்கிறது. குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

நாள் 6: செங்கோங், கிளம்பும் நாள்

மத்தியான ரயில். காலை நேரத்தில் நான் படித்துவிட்டு வந்த சின்னக் கட்டங்களைத் தேடிப் போனேன். செங்கோங்கை ஆளில்லாத பேய் ஊர் என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 2010 வாக்கில், அமெரிக்க நகரமைப்பாளர் பீட்டர் கால்தோர்ப்பின் குழு எனர்ஜி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் ஆதரவில் இதன் மையப் பகுதித் திட்டத்தைத் திருத்தி வரைந்தது. பெரிய கட்டத்தைச் சின்னதாக உடைப்பது, ஒரு ராட்சதச் சாலைக்குப் பதிலாக இரண்டு குறுகிய ஒருவழித் தெருக்கள், தெருவோரத்தில் கடை. பிறகு 2015 டிசம்பரில் 37 வருஷம் கழித்து நடந்த மத்திய நகர்ப்புற மாநாடும், அதையொட்டி 2016 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு ஆவணமும் ஏறக்குறைய இதையே நாடு முழுக்கச் சொன்னது: குறுகிய தெரு, அடர்ந்த பின்னல், 2020க்குள் சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் சாலை. கட்டக் கணக்கில் போட்டால் 250 மீட்டருக்கு ஒரு தெரு. இனி மதில் போட்ட குடியிருப்புகள் கட்டக்கூடாது, இருப்பவற்றையும் படிப்படியாகத் திறக்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமில்லை. காசு கொடுத்த பாதையைச் சும்மா விடுவார்களா?

நான் போன பகுதியில் தெருக்கள் உண்மையிலேயே குறுகலாகத்தான் இருந்தன. 120, 130 மீட்டருக்கு ஒரு திருப்பம். இரண்டு பக்கமும் மரம். பச்சைக்காகக் காத்திருக்கவே வேண்டியதில்லை, இரண்டு பக்கம் பார்த்துவிட்டு நாலு எட்டு வைத்தால் எதிர்ப்பக்கம். ஒரு மூலையில் ஆறு பேர் வெயிலில் உட்கார்ந்து மாஜோங் ஆடினார்கள், பால் டீ கடை, போட்டோகாப்பி கடை, பழக்கடை, மாணவர்கள் கூட்டம். பேய் என்று சொன்னவர்கள் இப்போது வந்து பார்க்கலாம்.

ஆனால் ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும் தனித்தனியாக வேலி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட், ஒரு வாட்ச்மேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் நடந்து பார்த்தபோது அந்த வேலி என்னை ஒன்றும் செய்யவில்லை. கட்டமே சின்னதென்றால் சுற்றுவது இரண்டு நிமிஷம், ஓட்டுநரின் பேத்தி விளையாடத் தரையும் மிஞ்சும். கட்டத்தை 500 மீட்டருக்கு இழுத்தபோதுதான் மதில் வில்லனாகிறது. மதிலைத் திற என்று சண்டை போட்டதற்குப் பதில் துண்டைச் சின்னதாக வெட்டி விற்றிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம் விற்கிறவருக்கு அதில் லாபம் குறைவு, அது வேறு.

கடை வாசலில் உணவு கொண்டுபோகும் பையன் ஒருவன் போனைக் காட்டினான். அவன் செயலி ஒவ்வொரு குடியிருப்புக்கும் எந்த கேட் என்று தனியாகச் சொல்கிறது, எங்கள் படத்தில் இல்லாத விஷயம். பெரிய சியாவ்ச்சுக்களில் கேட்டுக்குள் ஸ்கூட்டர் விட மாட்டார்கள், ஓடிப்போய்க் கொடுக்கணும், அல்லது வாசல் அலமாரியில் வைத்துவிட்டுப் போகணும். இந்தச் சின்னக் கட்டங்களில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மூன்று பார்சல் கூடப் போடுவானாம். எனக்குக் கிடைத்த ஒரே கள ஆய்வு அவன்தான்.

பெட்டியை எடுக்க ஹோட்டலுக்குத் திரும்பினேன். நேரம் நெருக்கிவிட்டது. அந்த வளைந்த கம்பி ஞாபகம் வந்தது. ஹோட்டலின் பின்வாசல் அந்தக் குடியிருப்புக்குள்தான் திறக்கிறது என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தேன், அந்த வழியாகப் புல்வெளியைத் தாண்டினால் மெட்ரோ. போய்ப் பார்த்தால் கம்பியை நிமிர்த்திக் குறுக்கே இன்னொன்றை வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள், பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஒற்றையடிப் பாதை வேலி வரைக்கும் வந்து, சட்டென்று இடது பக்கம் திரும்பியிருந்தது. கூடவே போனேன். ஒரு புதருக்குப் பின்னால் வேலியை ஒட்டி ஏழெட்டுச் செங்கல் படி மாதிரி அடுக்கியிருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல். நாலு நாள் முன்பு பார்த்த அதே லேப்டாப்காரர் ஸ்டூலில் கால் வைத்து இறங்கி, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மெட்ரோ பக்கம் நடந்தார்.

என் பெட்டி பதினெட்டு கிலோ. சுற்றியே போனேன்.